இரண்டே துண்டுத் துணியில் கோடைக்கால கவுன்: முதல் முறை தைப்பவர்களுக்கு

ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, கையைத் தனியாக வெட்டிப் பொருத்தும் வேலையும் கிடையாது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, அவ்வளவுதான். உடம்போடு சேர்த்தே வெட்டும் குட்டைக் கை, தலை வழியாகப் போடும் கழுத்து, இடுப்பில் எலாஸ்டிக். மெஷினில் நேர்த்தையல் போடத் தெரிந்தால் இதைத் தைத்துவிடலாம். இந்த மாதிரி கவுன் கெடுவது பெரும்பாலும் மெஷினில் அல்ல, அதற்கு முன்னால், கத்தரிக்கோல் பிடிக்கும் நேரத்தில். அதனால் வெட்டும் வரை நிதானமாகப் போங்கள்.

துணியும் சாமானும்

44 இன்ச் பன்னா (துணியின் அகலம்) உள்ள காட்டன் துணி இரண்டரை மீட்டர். கேம்ப்ரிக், பாப்லின் போல கொஞ்சம் விறைப்பாக இருப்பதே முதல் கவுனுக்கு நல்லது. ரேயான் உடுத்த இதமாக இருக்கும், ஆனால் வெட்டும்போது வழுக்கி ஓடும். அதை இரண்டாவது கவுனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் இன்ச் அகல எலாஸ்டிக் ஒரு மீட்டர், துணி நிறத்தில் பாலியெஸ்டர் நூல், குண்டூசி, இன்ச் டேப், மார்க்கிங் சாக், பேட்டர்ன் வரைய பெரிய தாள். ஊசி 14 நம்பர். வாயில் போன்ற மெல்லிய துணி என்றால் 11. பழைய மழுங்கிய ஊசியோடு ஆரம்பிக்க வேண்டாம், அது நூலிழையை இழுத்துத் துணியில் கோடு விழ வைக்கும்.

வாங்கிய துணியை அப்படியே வெட்டாதீர்கள். காட்டன் முதல் துவையலில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 40 இன்ச் கவுனில் அது 2 இன்ச் வரை போய்விடும். கவுனை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துணியை ஒருமுறை துவைத்து, காய வைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டுவிடுங்கள்.

அளவு

நான்கு அளவு போதும்: மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, கழுத்தோரத் தோளிலிருந்து இடுப்பு வரை, அதே இடத்திலிருந்து கவுன் முடிய வேண்டிய இடம் வரை. கூடவே தலைச் சுற்றளவையும் எடுங்கள். காரணம் கழுத்து வெட்டும்போது தெரியும். இங்கே மார்பு 36, இடுப்பு 30, தோளிலிருந்து இடுப்பு 15, முழு உயரம் 40 இன்ச் என்று வைத்துக் கணக்கு போடுவோம்.

மார்புக்கு 6 இன்ச் லூஸ் கூட்டினால் 42. அதில் கால் பங்கு பத்தரை. தையலுக்கு முக்கால் இன்ச் சேர்த்தால் பதினொன்றே கால். உயரத்துக்கு 40 இன்ச்சோடு தோள் தையலுக்கு அரை, கீழ் மடிப்புக்கு 1, எலாஸ்டிக்குக்கு மேலே துணி கொஞ்சம் தொங்கி நிற்க 1. மொத்தம் நாற்பத்திரண்டரை. இந்தக் கடைசி ஒரு இன்ச்சை மறந்தால், கையைத் தூக்கும்போதெல்லாம் எலாஸ்டிக் மேலேறும்.

தாளில் வரைதல்

தாளின் இடது ஓரத்தைத் துணியின் மடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. மேல் கோட்டில் மடிப்பிலிருந்து மூன்றே முக்கால் இன்ச்சில் கழுத்துப் புள்ளி.
2. அதே கோட்டில் மடிப்பிலிருந்து பதிமூன்றரை இன்ச் போய், அங்கிருந்து ஒன்றரை இன்ச் கீழே கை முனை. கழுத்துப் புள்ளியையும் கை முனையையும் சேர்த்தால் தோள் சரிவு.
3. கை முனையிலிருந்து நேர் கீழே எட்டரை இன்ச் கை வாய்.
4. மேல் கோட்டிலிருந்து 11 இன்ச் கீழே, மடிப்பிலிருந்து பதினொன்றே கால் இன்ச்சில் அக்குள் புள்ளி. கை வாயின் கீழ் முனையை இதோடு மெல்லிய வளைவாகச் சேருங்கள். மூலையாக வரைந்தால் அந்த இடம்தான் முதலில் கிழியும்.
5. கீழ் விளிம்பில் மடிப்பிலிருந்து பதினைந்தரை இன்ச். அக்குளிலிருந்து அங்கே நேர்க்கோடு. கீழ்க்கோடு பக்கத் தையலைத் தொடும் இடத்தில் முக்கால் இன்ச் மேலேற்றி வளைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கவுனின் இரு பக்கமும் கீழே இறங்கித் தெரியும்.
6. மேலிருந்து பதினாறரை இன்ச்சில் எலாஸ்டிக் கோடு.

மார்பு 40க்கு மேல் என்றால் அக்குள் ஆழத்தையும் கை வாயையும் 1 இன்ச் கூட்டுங்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வடிவம்தான், கழுத்து ஆழம் மட்டும் வேறு: மேல் கோட்டிலிருந்து மடிப்போரமாக முன்பக்கம் ஐந்தரை, பின்பக்கம் இரண்டரை. தைத்து முடித்தால் கழுத்துச் சுற்றளவு ஏறக்குறைய 24 முதல் 25 இன்ச் வரும். உங்கள் தலைச் சுற்றளவைவிட இது 1 இன்ச்சாவது அதிகம் இருக்க வேண்டும். போதாவிட்டால் முன் ஆழத்தைக் கூட்டுங்கள், அகலத்தைக் கூட்ட வேண்டாம். அகலம் கூடினால் தோள் நழுவும்.

வெட்டுதல்

துணியை நீளவாக்கில், கரையும் கரையும் சேரும்படி இரண்டாக மடியுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, இரண்டும் ஒரே திசை பார்த்து இருக்கும்படி வையுங்கள். குறுக்காக மடித்து இரண்டையும் ஒரே வெட்டில் எடுக்கலாம் என்று தோன்றும்; பூ வேலை ஒரே திசையில் இருக்கும் துணியில் பின்பக்கம் தலைகீழாகிவிடும். வெட்டும்போது துணியைக் கையில் தூக்காமல் மேசையிலேயே படிய வைத்து வெட்டுங்கள்.

ஓரத்தில் மிஞ்சும் துணியில் 2 இன்ச் அகலத்தில் 24 இன்ச் நீளப் பட்டி இரண்டு (எலாஸ்டிக்குக்கு), ஒன்றே கால் இன்ச் அகலத்தில் சரியாக 45 டிகிரி சாய்வில் கிராஸ் பீஸ் துண்டுகள் (கழுத்துக்கு, இணைத்தபின் 28 இன்ச் வர வேண்டும்).

வெட்டிய உடனே, வேறு எதையும் தொடும் முன், இரு கழுத்து வளைவிலும் ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச்சில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். வளைவில் துணி சாய்வாக வெட்டுப்படுவதால், தூக்கி வைத்தாலே இழுபட்டு நீளும். அப்படி நீண்ட கழுத்து எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது.

தைத்தல்

தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். மிச்சத் துணியில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அடியில் நூல் கொசகொசவென்று சிக்கினால் பாபினை (அடி நூல் உருளையை) குறை சொல்லாதீர்கள். மேல் நூல் சரியாகக் கோக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் காலை உயர்த்தி வைத்து மறுபடி கோத்துவிடுங்கள்.

நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, தோள்களை அரை இன்ச்சில் தைத்து, நூல் பிரியாமலிருக்க ஓரத்துக்கு ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து ஓடும் தையல்) போடுங்கள்.

அடுத்தது கழுத்து. கிராஸ் பீஸை நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போட்டு, வெட்டு ஓரத்தைக் கழுத்தின் வெட்டு ஓரத்தோடு நல்ல பக்கத்தில் சேர்த்து, கால் இன்ச்சில் தையுங்கள். வளைவு வரும் இடத்தில் பட்டியை மட்டும் லேசாக இழுத்துக்கொடுங்கள், கவுனை இழுக்காதீர்கள். பட்டி தளர்ந்திருந்தால் கழுத்து முன்னால் வாய் பிளந்து நிற்கும். அதிகம் இழுத்தால் சுருக்கம் விழும். சுற்றி வந்ததும் இரு முனைகளையும் தோளில் இணையுங்கள். பிறகு தையலுக்கு வெளியே உள்ள கழுத்து ஓரத்தில் அரை இன்ச்சுக்கு ஒரு சின்ன வெட்டு கொடுங்கள், தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். பட்டியை உள்ளே திருப்பி, தையல் விளிம்பு ஒரு மயிரிழை உள்ளே போகும்படி இஸ்திரி போட்டு, பட்டியின் மடிப்போரத்தில் தைத்துவிட்டால் கழுத்து முடிந்தது.

கை வாயை இப்போதே, துணி விரிந்திருக்கும்போதே, அரை அரை இன்ச்சாக இருமுறை மடித்துத் தையுங்கள். பக்கத் தையல் போட்டபின் அந்தச் சின்ன வளையத்தை மெஷினில் சுற்றுவது முதல் முறை தைப்பவருக்குச் சிரமம்.

பக்கத் தையல் கை வாயிலிருந்து கீழே வரை ஒரே ஓட்டம், முக்கால் இன்ச்சில். அக்குள் வளைவில் மட்டும் அதன் மேலேயே இன்னொரு தையல். அந்த வளைவில் மூன்று நான்கு இடத்தில் சின்னதாக வெட்டு கொடுத்தால்தான் துணி விரிந்து படியும். ஓரத்துக்கு ஜிக்ஜாக்.

எலாஸ்டிக்குக்காக வெட்டிய துணிப் பட்டிகளை இணைத்து, இரு ஓரமும் அரை இன்ச் உள்ளே மடித்து, எலாஸ்டிக் கோட்டின் மேல் உள்பக்கத்தில் வைத்து இரு விளிம்பிலும் தையுங்கள். பக்கத் தையல் அருகே 2 இன்ச் திறந்திருக்கட்டும். எலாஸ்டிக்கை இடுப்பளவில் 2 இன்ச் குறைத்து, இணைப்புக்கு 1 இன்ச் கூட்டி, அதாவது 29 இன்ச் வெட்டுங்கள். ஊக்கில் மாட்டி உள்ளே விடும்போது மறுமுனையைக் கவுனோடு குண்டூசியால் குத்திவையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கூடவே உள்ளே போய்விடும். இணைக்கும் முன் ஊக்கு போட்டு உடுத்திப் பாருங்கள். சரியென்றால் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டமாகத் தைத்து, திறப்பை மூடுங்கள்.

கீழ் மடிப்புக்கு அவசரம் வேண்டாம். கவுனை ஒரு இரவு ஹேங்கரில் தொங்கவிடுங்கள். பக்கங்கள் சாய்வாக வெட்டுப்பட்டதால் அங்கே மட்டும் துணி இறங்கும். தரையிலிருந்து அளந்து சமன் செய்துவிட்டு, அரை அரை இன்ச்சாக இருமுறை மடித்துத் தையுங்கள். அதைவிட அகலமாக மடித்தால் வளைவில் துணி மிஞ்சிக் கொசுவம் விழும்.