நியூ ஆர்லியன்ஸ் வானொலியை இங்கிருந்தே கேட்பது எப்படி: சோல், ப்ளூஸ், ஃபங்க் பிரியர்களுக்கு

சோல், ப்ளூஸ், ஃபங்க் மூன்றும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகள். பாட்டுச் செயலியில் சோல் என்று தேடினால், எல்லாருக்கும் தெரிந்த அதே பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஒரு ஆள் உட்கார்ந்து, தன் வீட்டு அலமாரியிலிருந்து பொறுக்கி எடுத்த இசைத்தட்டுகளைப் போடும் நிகழ்ச்சி வேண்டுமென்றால் சமூக வானொலிதான் வழி. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட் (1980 முதல்), நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யு, ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் பி.பி.எஸ், இந்த மூன்று நிலையங்களும் ஆரம்பத்துக்குப் போதும். மூன்றும் இணையத்தில் இலவசம். தொகுப்பாளர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அதனால் அவரவர் ரசனைதான் அங்கே சட்டம்.

முதலில் நேரக் கணக்கு, ஏனென்றால் இதில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். நியூ ஆர்லியன்ஸ் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால், நவம்பர் முதல் மார்ச் வரை பதினொன்றரை. அங்கே வியாழன் இரவு 8 மணி நிகழ்ச்சி என்றால் இங்கே வெள்ளி காலை 6.30, குளிர்காலத்தில் 7.30, காபி குடிக்கிற நேரம். மெல்பர்னின் மாலை 7 மணி நமக்கு மதியம் 2.30, அவர்களுடைய கோடையில் 1.30. நேரலை தவறினால் பரவாயில்லை. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் இரண்டு வாரம் வரை பழைய நிகழ்ச்சிகளை வைத்திருப்பார்கள், டபிள்யூ.எஃப்.எம்.யு-வில் பல வருடங்களுக்கு முன்னால் வரைக்கும் போகலாம், ஒவ்வொன்றுக்கும் பாட்டுப் பட்டியலோடு.

அப்புறம், நிலையம் நிலையமாகத் தாவாதீர்கள். ஒரே ஒரு தொகுப்பாளரைப் பிடித்து சில வாரம் தொடர்ந்து கேளுங்கள், அவர் எதற்குப் பின்னால் எதை வைக்கிறார் என்பது பிடிபட ஆரம்பிக்கும். மூன்று நான்கு பாட்டு ஓடிய பிறகுதான் பெயர்களை மொத்தமாகச் சொல்வார்கள், அதுவரை பொறுமை வேண்டும். பிடித்த பாட்டு வந்தால் பாடகர் பெயரோடு தட்டு வெளியிட்ட நிறுவனத்தையும் வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மெம்பிஸின் ஸ்டாக்ஸ், டெட்ராய்ட்டின் மோட்டவுன் போன்றவை தங்களுக்கென்று நிலையான வாத்தியக்குழு வைத்திருந்தன. பாடகர் மாறினாலும் பின்னால் வாசிப்பது பெரும்பாலும் அதே கைகள்தான், ஆகவே ஒரு நிறுவனத்தின் பெயர் உங்களைப் பத்துப் பாடகர்களிடம் கொண்டுபோய் விடும்.

எதை வைத்துப் பிரித்தறிவது? ப்ளூஸில் பெரும்பாலும் முதல் வரி இரண்டு தடவை வரும், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும், மொத்தம் பன்னிரண்டு தாளச் சுற்று. சோல் தேவாலயப் பாட்டிலிருந்து வந்தது, குரல் உடைகிற இடங்களைக் கவனித்தால் தெரியும். ஃபங்க் என்றால் பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் கேளுங்கள். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் ஒவ்வொரு தாளச் சுற்றிலும் முதல் அடியில் அழுத்தம் வேண்டும் என்று விடாமல் கேட்டவர். நியூ ஆர்லியன்ஸின் மீட்டர்ஸ் குழுவோ அடிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடும், தெருவில் பேண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போகிற அந்த ஊர் ஊர்வலத் தாளம் அது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

நிலையத்தை நடத்த நேயர்களிடம் பணம் கேட்கும் நன்கொடை வாரத்தில், டபிள்யூ.எஃப்.எம்.யு-வில் அது மார்ச்சில், பாட்டைவிடப் பேச்சு அதிகமாக இருக்கும். புதிதாகக் கேட்கிறவர்கள் அந்த நாட்களில் பழைய பதிவுகளுக்குப் போய்விடுங்கள்.