உளநலப் பணியில் முதற்படி: யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற விரும்புவோருக்கு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த பின்னர், ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகள் என்னிடம் வந்து, உளநலத்துறையில் வேலை செய்ய விருப்பம், எந்தக் கோர்ஸ் படிக்கலாம் என்று கேட்பதுண்டு. குடாநாட்டில் பல ஆண்டுகளாக உளசமூகப் பணியாளராக இருப்பவள் என்ற முறையில், கோர்ஸின் பெயரைச் சொல்வதற்கு முன்னர் நான் ஒன்றைக் கேட்பேன்: நீங்கள் செய்யப்போகும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவதற்கு அந்தப் பயிற்சியில் ஒருவர் இருப்பாரா? அப்படி ஒருவர் இல்லாத பயிற்சி, எவ்வளவு அழகான சான்றிதழைத் தந்தாலும், இந்த வேலைக்கு ஆளைத் தயார்ப்படுத்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வேலை எது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் உளமருத்துவர் அல்லது உளநல வைத்திய அதிகாரி. முறையான உளச்சிகிச்சை அளிப்பவர்கள் அதற்கெனப் பல ஆண்டுகள் படித்த உளவியலாளர்களும் உளவளத்துணையாளர்களும் ஆவர். ஆரம்பநிலைப் பணியாளர் இவர்களுக்கும் வீட்டுக்கும் இடையிலான பாலம்: கிளினிக்குக்கு வராதவரைத் தேடிப் போவது, மருந்து ஒழுங்காக எடுக்கப்படுகிறதா என்று பார்ப்பது, குடும்பத்தாருடன் கதைப்பது, பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் குழுச் செயற்பாடுகளுக்கு உதவுவது, கண்டதைச் சரியாக எழுதி உரியவரிடம் சேர்ப்பது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றியும், சாந்திகம் போன்ற உளவளத்துணை நிறுவனங்களிலும், முதியோர் இல்லங்களிலும், போதைப்பொருள் புனர்வாழ்வுத் திட்டங்களிலும் இத்தகைய வேலைகள் வருகின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை சார்ந்த அரச பதவிகளும் உண்டு. ஆனால் அவற்றுக்குத் தகுதியும் போட்டிப் பரீட்சையும் வேறு என்பதால், முதல் வேலையாக அவற்றை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன்னர், மூன்று மாதமாவது எங்கேயேனும் தொண்டராக இருந்து பாருங்கள். ஒரு முதியோர் இல்லத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் போதும். ஒரே கதையை நாற்பதாவது தடவையும் சொல்லும் ஐயாவுக்கு அருகில், கைத்தொலைபேசியை எடுக்காமல் அரைமணி நேரம் இருக்க முடிகிறதா என்பதை அங்கே கண்டுகொள்ளலாம். அத்துடன், போரிலும் இடப்பெயர்விலும் இழப்புப் படாத வீடு இங்கே குறைவு. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் அந்த வீடுகளிலேயே வளர்ந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் துயரம் பிறர் துயரத்தைக் கேட்கும்போது கிளர்ந்தெழும் என்பதை முன்கூட்டியே ஏற்று, அதைக் கதைத்து ஆற்றிக்கொள்ள ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். இது பலவீனம் அல்ல. பயிற்சியின் ஒரு பகுதி.

பயிற்சியைத் தெரிவுசெய்யும் விடயத்தில் நான் சூடுபட்டவள். தொடக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணம் கட்டி, சனிக்கிழமை தோறும் ஆறு மாதம் குறிப்பு எழுதி, டிப்ளோமாப் பட்டமளிப்பில் படமும் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தில் ஒரு நோயாளியின் முன்னால்கூட நான் இருந்ததில்லை. ஆகவே நீங்கள் நேரில் போய்க் கேட்க வேண்டியவை இவை: களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம், அது எங்கே நடக்கும், மேற்பார்வையாளர் யார், அவர் இப்போதும் களத்தில் வேலை செய்கிறாரா, பாடம் தமிழில் நடக்குமா, அல்லது ஆங்கிலக் குறிப்பை வாசித்துவிட்டுப் போவார்களா. நிறுவனமும் கற்கைநெறியும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேசியத் தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது; முதல் நான்கு சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். தகைமையின் மட்டத்தைக் குறிப்பிடாமல் ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று மட்டும் விளம்பரம் செய்பவர்களிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். சமூகப்பணி, உளவளத்துணை ஆகிய துறைகளில் மேலே படிக்க விரும்புவோர் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் கற்கைநெறிகளையும் விசாரிக்கலாம்.

இனி, கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது செவிமடுத்தல். எளிதாகத் தோன்றும் இதற்கே அதிக காலம் எடுக்கும். வடமராட்சியில் ஒரு வீட்டுக்கு முதற்தடவை போனபோது, கேள்விகளைத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்த அம்மா திண்ணையில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ‘உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா’ என்று கேட்டேன். ‘இல்லைப் பிள்ளை’ என்றார். ‘பதற்றம்?’ என்றேன், அதற்கும் இல்லை என்றார். பிரச்சினை ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். என் மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, ‘நீர் இருந்த நேரத்தில் அவ எத்தனை தரம் பெருமூச்சு விட்டவ?’ என்று கேட்டார். அடிக்கடி விட்டார் என்பது மட்டுமே நினைவில் இருந்தது, நான் எண்ணவில்லை. அடுத்த முறை தாளைப் பையிலிருந்து எடுக்காமல், பக்கத்தில் இருந்து, ‘ஏனம்மா இப்பிடிப் பெருமூச்சு வருது?’ என்று மட்டும் கேட்டேன். சுளகைக் கீழே வைத்தார். ‘நெஞ்சுக்குள்ள பாரமாக் கிடக்குப் பிள்ளை. அவன் வந்தால் எண்டு ராவில படலை பூட்டுறேல்லை’ என்றார். 2009இல் காணாமற்போன மகனைப் பற்றி அதன் பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

நம் மக்கள் மனத்தின் வலியைப் பெரும்பாலும் உடம்பின் மொழியிலேயே சொல்கிறார்கள்: தலையிடி, நெஞ்சுப்பாரம், உடம்பு எரிவு, நித்திரையின்மை, ‘ஒரே யோசனை’. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதருடன் நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று ‘கூட்டு மனவடு’ பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கொப்பியில் நீங்கள் கேட்கும் சொற்களை, சொன்னவர் சொன்னபடியே எழுதிச் சேர்த்து வாருங்கள். பாடநூல் சொல்லை நோயாளியின் வாயில் வைப்பதைவிட, அவருடைய சொல்லை நீங்கள் கற்றுக்கொள்வது பயனுள்ளது. ‘விசர்’ என்ற சொல்லை மட்டும் வேலையிலும் வீட்டிலும் பகிடிக்குக்கூடப் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ பேர் சிகிச்சைக்கு வராமல் இருக்கிறார்கள்.

செவிமடுத்தலைப் பழக மூன்று பேர் சேர்ந்தால் போதும். ஒருவர் தனது உண்மையான சிறு கவலை ஒன்றைச் சொல்ல வேண்டும்; மற்றவர் பத்து நிமிடம் புத்திமதி கூறாமல் கேட்க வேண்டும்; மூன்றாமவர் கேட்பவரைக் கவனித்து எழுத வேண்டும். ‘கவலைப்படாதையுங்கோ, எல்லாம் சரிவரும்’ என்ற வசனம் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். நல்ல மனத்துடன்தான் சொல்கிறோம். ஆனால் கவலையைச் சொல்பவரின் வாயை அது மூடிவிடுகிறது. அனர்த்த காலங்களுக்கான உளமுதலுதவியையும் இதனோடு கற்றுக்கொள்ளுங்கள். பார்த்தல், செவிமடுத்தல், இணைத்தல் என்ற அதன் மூன்று படிகளை 2011இல் உலக சுகாதார நிறுவனமும் பங்காளர்களும் வெளியிட்ட வழிகாட்டி எளிமையாக விளக்குகிறது.

மருந்து பற்றி நீங்கள் முடிவெடுக்கப் போவதில்லை. எனினும் தெரிந்திருக்க வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் வயிற்றோட்டத்தாலோ கடும் வெயிலில் தோட்டவேலை செய்தோ உடல் நீர் வற்றி, கை நடுங்கி, வாந்தியும் எடுத்தால் அன்றே வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும். நாள்தோறும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால், அடுத்த சில நாட்களில் வலிப்போ, இல்லாததைக் காணும் குழப்பநிலையோ வந்து உயிராபத்தாகலாம். ஆகவே ‘இண்டையோட விட்டிட்டன்’ என்று சொல்பவரைப் பாராட்டுவதோடு நிற்காமல், உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள். குருநகரில் ஒரு மனைவி கணவனின் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுத்து வந்தார். ‘கடலுக்குப் போற மனுசன் வள்ளத்தில நித்திரை தூங்கி விழுந்தால்?’ என்பது அவருடைய நியாயம். அவரைக் குற்றம் சொல்லாமல் அதை அப்படியே கிளினிக்கில் தெரிவித்தபோது, வைத்தியர் மருந்து எடுக்கும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதற்குப் புதியவர்கள் அஞ்சுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உருவாவதில்லை. ‘சாகலாம் போல யோசனை வருதோ?’ என்று அமைதியாக, நேராகக் கேட்கப் பழகுங்கள். ‘ஓம்’ என்று மறுமொழி வந்தால் அவரைத் தனியே விடாமல், வீட்டில் ஆபத்தானவற்றை அகற்றுவித்து, மேற்பார்வையாளருக்கு அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பின்னர் பெருமளவு குறைந்ததற்கு, கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது முக்கிய காரணம். நெருக்கடியான கணத்தில் ஆபத்து கைக்கெட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றுகிறது. தற்கொலை முயற்சி 1998இலிருந்து இங்கே குற்றமல்ல என்பதையும் குடும்பத்தாருக்குச் சொல்லுங்கள். பொலிஸுக்குப் பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அந்த வீட்டுக் கலண்டரில் உங்கள் கையால் எழுதிவிட்டு வாருங்கள்.

கோயிலோடு மோத வேண்டாம். நூல் கட்டுவதும், பார்வை பார்ப்பதும், செல்வச்சந்நிதியில் நாட்கணக்கில் தங்குவதும் பல குடும்பங்களுக்கு முதல் ஆறுதல். ‘நேர்த்தியையும் வையுங்கோ, குளிசையையும் விடாதையுங்கோ’ என்பதே நான் சொல்வது. ஆளைக் கட்டி வைப்பதையோ அடிப்பதையோ கண்டால் மட்டும் பேசாமல் இருக்கக் கூடாது.

இரகசியம் காப்பது நம் ஊர்களில் வகுப்பில் சொல்வதைவிடக் கடினம். நிறுவனத்தின் பெயர் ஒட்டிய மோட்டார்ச் சைக்கிளை ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினாலே, ஒழுங்கை முழுவதும் அது கதையாகிவிடும். சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அந்த வீட்டாரைக் கலியாண வீட்டில் கண்டால், அவர்கள் முதலில் கதைத்தால் மட்டும் கதையுங்கள். உயிராபத்தும் சிறுவர் துஷ்பிரயோகமும் இரகசியத்துக்குள் அடங்கா என்பதை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் தொடர்பான முறைப்பாட்டுக்கு 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

குறிப்பு எழுதுவதற்குத் தாளை மூன்றாகப் பிரியுங்கள்: அவர்கள் சொன்னது, நான் கண்டது, நான் நினைப்பது. ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘மூன்று நாளாகக் குளிக்கவில்லை என்று மனைவி சொன்னார், நான் போனபோது கதவோரம் இருந்தார், இரண்டு கேள்விக்கு மட்டும் மறுமொழி சொன்னார்’ என்று எழுதினால், அதை வாசிக்கும் வைத்தியருக்கு ஆளே கண்முன் வருவார்.

வேலை கிடைக்கும்போது அது பெரும்பாலும் திட்டம் முடியும்வரையான ஒப்பந்தமாகவே இருக்கும், சம்பளமும் பெரிதல்ல. ஆதலால் செய்த களப்பயிற்சி மணித்தியாலங்களை நாள்வாரியாகப் பதிந்து, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நேர்முகத்தில் அது பேசும். சிங்களம் வாசிக்கவும் கதைக்கவும் பழகுங்கள், ஏனெனில் அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கு அனுப்பப்பட்ட ஒருவரின் பத்திரம் சிங்களத்தில் திரும்பி வரலாம். நேர்முகத்தின் முடிவில் உங்களிடம் கேள்வி ஏதும் உண்டா என்று கேட்பார்கள். மேற்பார்வைக்குக் கிழமையில் எந்த நாள், எத்தனை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நாளும் நேரமும் சொல்லக்கூடிய இடமாகப் பார்த்துச் சேருங்கள்.