நடக்குறோமா உக்காந்திருக்கோமான்னு போன் சென்சாரை வெச்சு கண்டுபிடிக்கிறது எப்படி

மனுஷங்க அசைவை போன் சென்சார்ல பதிவு பண்ணி வெச்சிருக்கிற யுசிஐ ஹெச்ஏஆர் டேட்டாசெட்ல ஆரம்பிங்க, 30 பேர் இடுப்புல கேலக்ஸி எஸ்2 போனைக் கட்டிக்கிட்டு நடந்து, படி ஏறி எறங்கி, உக்காந்து, நின்னு, படுத்து எடுத்தது. செகண்டுக்கு 50 ரீடிங், 2.56 செகண்ட் துண்டா வெட்டுனா துண்டுக்கு 128 வரி, 9 நெடுவரிசை (ஒவ்வொண்ணும் ஒரு சென்சார் அளவு). இதுக்கு ஒரு நியூரல் நெட்வொர்க் போதும்: ரெண்டு மூணு ஒன்-டி கான்வல்யூஷன் லேயர் (ரீடிங் வரிசையில சின்னச் சின்ன பேட்டர்னைப் பிடிக்கும்), மேல ஒரு எல்எஸ்டிஎம் (முன்னாடி வந்ததை ஞாபகம் வெச்சுக்கிற லேயர்), கடைசில 6 கிளாஸுக்கு, அதாவது 6 செயலுக்கு, சாஃப்ட்மேக்ஸ் (எது எவ்ளோ வாய்ப்புன்னு சொல்லும்), அவ்ளோதான்.

டிரெயின் (கத்துக்குடுக்க), டெஸ்ட் (சோதிக்க) டேட்டாவை மட்டும் ஆள் வாரியா பிரிங்க, ஒரு ஆள் ஒரே பக்கம்தான் இருக்கணும். துண்டுங்க பாதிக்குப் பாதி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், கண்டமேனிக்கு கலைச்சா அதே ஆளோட நடை ரெண்டு பக்கமும் வந்துடும், அக்யூரசி பொய்யா ஏறித் தெரியும், நான் அப்படித்தான் பண்ணிட்டு அதைப் பாத்து துள்ளிக் குதிச்சேன்.

உக்காருறதும் நிக்கிறதும் குழம்பும், அசையாத இடுப்புக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ்ல (எதை எதுன்னு தப்பா சொல்லுச்சுன்னு காட்டுற அட்டவணை) அந்தக் கட்டத்தை உத்துப் பாருங்க.