பெயர் கூப்பிடாத வகுப்பறை: ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் வாரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம், அங்கே யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை என்பதுதான். கோவையில் நான்கு வருடம் 75 சதவீதத்துக்காக ஓடியவன் நான். காய்ச்சலோடு போய்க் கடைசி பெஞ்சில் சுருண்டு கிடந்திருக்கிறேன். ஜெர்மனியில் முதுகலை சேர்ந்த அந்த அக்டோபரில், பெரிய அரங்கில் பேராசிரியர் வந்தார், பேசினார். முடித்ததும் மாணவர்கள் கைதட்டாமல் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அவர் போய்விட்டார். வந்தது யார், வராதது யார் என்று யாருக்கும் கவலையில்லை. சொர்க்கம் என்று நினைத்தேன். முதல் தவறு அதுதான்.

பெரும்பாலான பாடங்களில் இன்டர்னல் மார்க் கிடையாது. அக்டோபர் நடுவில் தொடங்கும் வகுப்புகள் பிப்ரவரியில் முடியும். அப்புறம் ஒரே ஒரு தேர்வு, மொத்த மதிப்பெண்ணும் அதில்தான். 'கிறிஸ்துமஸ் லீவில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அந்த லீவு இரண்டு வாரம். முதல் வாரம் தூக்கத்தில் போகும், இரண்டாவது வாரம் பிராகில் போகும்.

அதைவிட மோசமானது தேர்வுக்குப் பதிவு செய்ய மறப்பது. வகுப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. நம் கல்லூரியில் ஃபீஸ் கட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவார்கள், கிளாஸ் இன்சார்ஜ் திட்டித் திட்டியாவது கட்ட வைப்பார், ஹால் டிக்கெட் கைக்கு வரும். அங்கே இணையதளத்தில் சில வாரங்கள் ஒரு பட்டன் இருக்கும். கெடு முடிந்த இரவோடு அதுவும் போய்விடும். நான் இரண்டு நாள் தாமதம். தேர்வு அலுவலகத்தில் இருந்த அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிகவும் கனிவாக "லைடர் நைன்" என்றார். மன்னிக்கவும், முடியாது. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஊரில் கொஞ்ச நேரம் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றால் யாராவது மனமிரங்குவார்கள். இங்கே அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பாடத்துக்கு ஆறு மாதம் காத்திருந்தேன்.

சரி, எதற்கும் எல்லாவற்றுக்கும் பதிவு செய்து வைப்போம் என்று போனால் அது அடுத்த பள்ளம். கெடுவுக்குள் விலகாமல், மருத்துவச் சான்றும் இல்லாமல் தேர்வுக்குப் போகாவிட்டால் பொதுவாக 5.0 போட்டுவிடுவார்கள், அதாவது ஃபெயில். ஒரு வாய்ப்பும் போச்சு. நம்மூர் அரியர் கலாசாரத்தை அங்கே எடுத்துப் போகாதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் ஃபெயிலானால் அந்தப் படிப்பே முடிந்தது. வேறு ஊருக்குப் போய் அதே படிப்பில் சேரவும் வழி அடைபடும். விசாவும் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. உங்கள் படிப்பின் தேர்வு விதிகளை முதல் மாதமே உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஜெர்மனில் மட்டும் இருந்தால் சீனியரைப் பிடியுங்கள்.

மதிப்பெண் தலைகீழ். 1.0 உச்சம், 4.0 பாஸ். எனக்கு 1.3 வந்ததைச் சொன்னபோது போனில் அம்மாவின் குரலே மாறிவிட்டது: "ஒண்ணே சொச்சமா? என்னடா ஆச்சு?"

நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பத்து மணிக்கு அருகே 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு பத்தே காலுக்கு. 'எஸ்.டி.' என்றால் பத்து என்றால் பத்துதான். முதலாவது தெரியாமல் காலி அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன், அது பரவாயில்லை. இரண்டாவதைத் தெரியாமல் வாய்மொழித் தேர்வுக்குப் போய்விடாதீர்கள்.

விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். போனால் சார் கோபித்துக்கொள்வாரோ என்று நம்மில் பலர் போவதில்லை. போங்கள். என் நண்பன் ஒருவன் கூட்டலில் விட்டுப்போன இரண்டு மதிப்பெண்ணைக் காட்டி 5.0ஐ 4.0 ஆக்கிக்கொண்டு வந்தான். பேராசிரியர் நன்றிகூடச் சொன்னாராம்.

பகுதிநேர வேலைக்கு வருடத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்பது 2024 முதல் உள்ள வரம்பு. பலர் அதைக் கிடங்குகளில் இரவுப் பணியாகவே தீர்க்கிறார்கள், அதுவும் பிப்ரவரியில். பல்கலைக்கழகத்துக்குள் 'ஹிவி' என்று சொல்லும் மாணவர் உதவியாளர் வேலை அந்தக் கணக்கில் வராது. சம்பளம் சுமார்தான், ஆனால் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரியும்.

கடைசியாக, சாப்பாடு. நாங்கள் ஐந்து தமிழ்ப் பையன்கள். மதியமானால் விடுதிக்கு ஓடிவந்து ரசம் வைத்துச் சாப்பிடுவோம். மென்ஸா என்னும் மாணவர் உணவகத்தில் உப்பு காரம் இருக்காது, உண்மைதான். மூன்றாவது செமஸ்டரில் ஆய்வக வேலை நீண்டுவிட்டதால், கூட வேலை செய்த ஜெர்மன் பையனோடு முதல்முறை அங்கே உட்கார்ந்து, அவித்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் அவன் கேட்டான், பழைய வினாத்தாள்களை நீ எடுக்கவில்லையா என்று. எங்கள் துறை மாணவர் மன்றத்தின் அறையில் அலமாரி நிறைய இருக்கிறதாம், யார் கேட்டாலும் தருவார்களாம். ஒன்றரை வருடமாக அந்த அறை ஜன்னலுக்குக் கீழேதான் நான் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.