‘புதிய ஆய்வில் தகவல்’ என்று படித்ததும் செய்யக் கூடாதவை

2018 செப்டம்பரில் ஒரு மருத்துவச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. தினமும் சின்ன அளவில் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்வதால் முதியவர்களுக்குப் பலன் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்றது அந்தச் செய்தி. என் மாமாவும் அதைப் படித்தார். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அப்போது அவருக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து, தீர்ந்த மாத்திரைகளை வாங்கலாம் என்று டப்பாவைத் திறந்த அத்தைதான் கண்டுபிடித்தார். மற்ற அட்டைகள் எல்லாம் காலி. ஆஸ்பிரின் அட்டையில் மட்டும் கணக்குக்கு மேல் மாத்திரை மிச்சம்.

ஸ்டென்ட் வைத்தவர் தானாக ஆஸ்பிரினை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். நல்லவேளையாக மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இத்தனைக்கும் செய்தி பொய்யில்லை. ஆய்வும் தரமானது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலுமாக 19,114 பேரை வைத்துப் பல வருடம் நடத்தியது. ஆனால் அதில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: இதய நோயோ பக்கவாதமோ வந்தவராக இருக்கக் கூடாது. மாமா போய் நின்றிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். தான் சேரவே முடியாத ஓர் ஆய்வின் முடிவை அவர் தன் உடம்பில் செயல்படுத்திப் பார்த்துவிட்டார்.

ஆய்வுச் செய்திகளை நம்பலாமா கூடாதா என்றுதான் பெரும்பாலும் வாதம் நடக்கிறது. என் கவலை அதுவல்ல. படித்த கையோடு உடம்பு விஷயத்தில் எதையாவது மாற்றிவிடுகிறோமே, சேதம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எல்லாச் செய்தியும் நம்மைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வது

மாமா செய்தது இந்தத் தவறு. இதையே லட்சக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் செய்ததும் நடந்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி 2002 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று தலைப்புச் செய்தி. பல நாடுகளில் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள்.

அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. உடம்பு தீயாய் எரிந்து, இரவில் வியர்த்துத் தூங்க முடியாமல் மருத்துவரிடம் போகிறவர்களோ பெரும்பாலும் ஐம்பதை ஒட்டியவர்கள். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, இளைய வயதினருக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு மாதிரி இருப்பது தெரிந்தது. இடைப்பட்ட வருடங்களில் சிகிச்சை கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ பெண்கள் பயத்தில் அதைக் கேட்காமலே இருந்துவிட்டார்கள்.

செய்தியில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். எந்த வயது, ஆணா பெண்ணா, ஏற்கெனவே நோய் உள்ளவர்களா, எவ்வளவு மருந்து, எத்தனை நாள்? சில சமயம் ஆய்வில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். எலியில் புற்றுநோய்க் கட்டி சுருங்கியது, கண்ணாடித் தட்டில் வைத்த செல்கள் செத்தன என்பதெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்கு முக்கியமான செய்தி. நோயாளிக்கு அது இன்னும் மருந்து இல்லை.

‘இரண்டு மடங்கு’ என்றதும் பதறுவது

மேலே சொன்ன 26 சதவீதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எடுத்தவர்களில் 38 பேருக்கு. பத்தாயிரத்துக்கு எட்டுப் பேர் கூடுதல். எட்டுப் பேர் என்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை, ஒவ்வொருவரும் ஒரு குடும்பம். ஆனால் 26 சதவீதம் என்று படிக்கும்போது மனதில் எழும் படம் வேறு, இது வேறு.

இந்தக் குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு 1995-ல் பிரிட்டனில் நடந்ததுதான் எனக்குத் தெரிந்து மிகவும் வேதனையான உதாரணம். புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு அந்த அக்டோபரில் எச்சரிக்கை விடுத்தது. ‘இரண்டு மடங்கு’ என்ற சொல் மட்டும் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. பழைய மாத்திரையில் 7,000 பேருக்கு ஒருவர், புதியதில் 7,000 பேருக்கு இருவர் என்ற கணக்கு போய்ச் சேரவில்லை. பயந்துபோன பெண்கள் வேறு ஏற்பாடு எதுவும் செய்துகொள்ளாமல் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்தைவிடச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் நெஞ்சை அறுக்கும் உண்மை ஒன்று உண்டு: கர்ப்பமே ரத்த உறைவு ஆபத்தைக் கூட்டும், அந்த மாத்திரைகள் கூட்டியதைவிட அதிகமாக. எதற்குப் பயந்து ஓடினார்களோ அதை நோக்கியே ஓடியிருக்கிறார்கள்.

அதனால் சதவீதத்தையோ மடங்கையோ பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரில் எத்தனை பேர், முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு? செய்தியில் அந்த எண் இல்லையென்றால், முடிவெடுக்கத் தேவையான தகவல் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

ஆதாரத்தின் வலுவை ஆபத்தின் அளவாகப் படிப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. உடனே ‘சிகரெட்டுக்குச் சமம்’ என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பிரிவுகள் சொல்வது ‘இது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது’ என்பதை மட்டுமே. எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்பதை அவை சொல்வதில்லை. ஆதாரம் இரண்டுக்கும் உறுதி, ஆபத்து மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது கணக்கு. வாழ்நாளில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு அந்த நோய் வரும் நாட்டில், 100 பேரும் தினமும் சாப்பிட்டால் அது 5-ஐ நெருங்கும். குறைத்துக்கொள்ள இது போதுமான காரணம்தான். பீதிக்குக் காரணம் இல்லை.

2023-ல் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்புக்கும் இதே கதை. ஒரு குழு ‘புற்றுநோய் வரச் சாத்தியம் உண்டு’ என்ற பிரிவில் அதைச் சேர்த்த அதே நாளில், இன்னொரு குழு தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பே தொடர்கிறது. முதல் பாதியைப் படித்தவர்கள்தான் அதிகம்.

சேர்ந்து வருவதைக் காரணம் என்று நினைப்பது

காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு, அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் என்ற காய்கறி, பழச் சத்து அதிகம். இது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அப்படியென்றால் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் புற்றுநோய் குறையும்தானே? யாருக்கும் அப்படித்தான் தோன்றும். விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. அவர்கள் செய்த நல்ல காரியம், தோன்றியதோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் சிலருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையவில்லை, கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களையும் கல்நார்த் தொழிலாளர்களையும் வைத்து நடந்த இன்னொரு சோதனையிலும் இதே போக்கு தெரிந்ததால் 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

காய்கறி சாப்பிடுகிறவர் வேறு பலவற்றையும் செய்கிறார். புகைபிடிப்பது குறைவாக இருக்கலாம், வருமானம் கூடுதலாக இருக்கலாம். எது அவரைக் காப்பாற்றியது என்பதை வெறும் கவனிப்பால் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். ‘தொடர்புடையது’, ‘வாய்ப்பு குறைவாகக் காணப்பட்டது’ என்ற சொற்கள் செய்தியில் இருந்தால், குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்களா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பொருளை மாத்திரை வடிவில் வாங்க அவசரப்படாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழியை வாசகர் மேலும் செய்தியாளர் மேலும் மட்டும் போடுவது நியாயம் இல்லை. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. 40 சதவீதக் குறிப்புகளில், கட்டுரை சொன்னதற்கு மேல் மிகைப்படுத்திய அறிவுரை இருந்தது. ஊதிப் பெரிதாக்குவது பல சமயம் ஆய்வு நடந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

முதல் செய்தியோடு நின்றுவிடுவது

2020 மார்ச்சில் ஃபிரான்ஸில் 36 நோயாளிகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு ஒன்று, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்கு வேலை செய்கிறது என்றது. உலகமே அந்த மாத்திரையைத் தேடி ஓடியது. அதை வருடக்கணக்கில் சாப்பிட்டு வரும் லூபஸ் நோயாளிகளுக்கு மாத்திரை கிடைக்காமல் போனது. ஜூன் மாதம் பிரிட்டனின் பெரிய சோதனையில், மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இறப்பில் பலன் என்று சொல்லும்படி எந்த வித்தியாசமும் இல்லை என்று தெரிந்தது. மூன்றே மாதம். பொறுத்திருக்க முடியாத அளவுக்கு அது நீண்ட காலம் இல்லை.

தட்டம்மைத் தடுப்பூசி விஷயத்தில் உண்மை வர ரொம்பத் தாமதமானது. தட்டம்மை உட்பட மூன்று நோய்களைத் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998-ம் வருடக் கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. அதை வெளியிட்ட லான்செட் இதழ் 2010-ல்தான் திரும்பப் பெற்றது. நடுவே இங்கிலாந்தில் அந்தத் தடுப்பூசி போடும் விகிதம் சுமார் 80 சதவீதத்துக்குச் சரிந்தது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வந்த ஆய்வும் தடுப்பூசியால் ஆட்டிசம் கூடவில்லை என்றே காட்டியது. ஆனால் 12 குழந்தைகளின் கதை இன்னும் பகிரப்படுகிறது. நீங்கள் எப்போதோ பகிர்ந்த ஆய்வு பிறகு பொய்த்துப்போனால், அதே ஆட்களுக்கு அதையும் அனுப்புங்கள்.

‘மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்’ என்று கைகழுவுவது

இவ்வளவையும் படித்தவருக்கு, எதையும் நம்பாமல் இருந்துவிடலாம் என்று தோன்றலாம். அதுவும் தவறுதான். ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை தர வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000-ல் சொன்னார்கள். ஆனால் சின்ன வயதிலேயே வேர்க்கடலை தின்னும் இஸ்ரேல் குழந்தைகளுக்கு அந்த ஒவ்வாமை மிகக் குறைவு என்பதைச் சிலர் கவனித்தார்கள். அந்தச் சந்தேகத்தை 640 குழந்தைகளிடம் சோதித்தபோது, ஐந்து வயதில் வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்கும், சாப்பிட்டு வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கும் ஒவ்வாமை இருந்தது. 2015-ல் இது வெளியானது, இரண்டு வருடத்தில் அறிவுரை தலைகீழாக மாறியது. மாற்றாமல் பிடிவாதமாக இருந்திருந்தால் எத்தனை குழந்தைகள் அவதிப்பட்டிருப்பார்கள்?

மாமாவை மருத்துவரிடம் அழைத்துப்போனபோது நானும் உடன் இருந்தேன். செய்தியை முழுக்கப் படித்த மருத்துவர், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது பொருந்தாது என்று விளக்கி, அன்றைக்கே ஆஸ்பிரினை மறுபடி தொடங்கச் சொன்னார். அதுவரை பேசாமல் இருந்த அத்தை அப்போதுதான் மெதுவாகச் சொன்னார்: “எதுக்கும் இருக்கட்டும்னு நானும் தினம் ஒண்ணு போட்டுக்கிறேன் டாக்டர், இவரோட அட்டையிலேர்ந்து.”

அத்தைக்கு அப்போது 71 வயது. இதய நோய் கிடையாது, பக்கவாதம் வந்ததில்லை. மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வயிற்றுவலி உண்டா, மலம் கறுப்பாகப் போனதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு செய்தித்தாளை அத்தையின் பக்கம் திருப்பி வைத்தார். “இதுல எழுதியிருக்கிறது உங்களைப் பத்திதாம்மா. நீங்க நிறுத்திடுங்க.”