சர்வதேச வளர்ச்சித் துறையில் படிக்கவும் பணிபுரியவும் விரும்புவோருக்கு ஒரு படிப்படியான வழிகாட்டி

வறுமை, பொதுச் சுகாதாரம், கல்வி, வேளாண்மை, குடிநீர், இடப்பெயர்வு, காலநிலை மாற்றம் ஆகியவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன, அவற்றைச் சீர்செய்ய அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் மக்களும் எடுக்கும் முயற்சிகள் ஏன் ஓரிடத்தில் பலிக்கின்றன, ஏன் மற்றோரிடத்தில் பலிப்பதில்லை என்று ஆராய்வதே சர்வதேச வளர்ச்சி என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறையாகும். பிறருக்குப் பயன்படும் வேலையைச் செய்ய வேண்டும் என்ற உண்மையான விருப்பத்தோடுதான் பலர் இத்துறையை நாடி வருகிறார்கள். ஆனால் பட்டத்தின் பெயர் மட்டும் யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. ஒரு பிரச்சினையை ஆழமாக அறிந்திருப்பவருக்கும், அதைக் கையாள உதவும் ஒரு திறனைப் பெற்றிருப்பவருக்குமே இங்கே இடம் கிடைக்கிறது. கீழுள்ள படிகள் அனைத்தும் இதை மனத்தில் கொண்டே அமைக்கப்பட்டுள்ளன.

முதல் படி: துறை எப்படி உருவானது என்று படியுங்கள்

1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் உலக வங்கிக்கும் பன்னாட்டு நாணய நிதியத்துக்கும் அடித்தளம் இடப்பட்டது. அதன்பின் காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் தங்கள் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்ப முனைந்தபோது, வளர்ச்சி என்பது பெரும்பாலும் தேசிய வருமானம் உயர்வதாகவே பார்க்கப்பட்டது. 1990இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட முதல் மனித வளர்ச்சி அறிக்கை இந்தப் பார்வையை மாற்றியது. பொருளியலாளர்களான மஹ்பூப் உல் ஹக்கின் முன்முயற்சியாலும் அமர்த்தியா சென்னின் சிந்தனையாலும் உருவான மனித வளர்ச்சிக் குறியீடு, வருமானத்தோடு ஆயுட்காலத்தையும் கல்வியையும் சேர்த்து அளந்தது. 2000இல் தொடங்கிய புத்தாயிரம் ஆண்டு வளர்ச்சி இலக்குகள் எட்டு. அவற்றின் இடத்துக்கு 2015இல் வந்த நிலைத்த வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றின் கீழ் 169 உட்குறிக்கோள்கள் உள்ளன.

இவற்றை மனப்பாடம் செய்வதைவிட ஒரு சிறு பயிற்சி அதிகப் பயன் தரும். மனித வளர்ச்சிக் குறியீட்டின் அட்டவணையைத் திறந்து, தனிநபர் வருமானம் ஏறக்குறைய ஒன்றாகவும் ஆயுட்காலம் பெரிதும் வேறுபட்டும் இருக்கும் இரண்டு நாடுகளைக் கண்டுபிடியுங்கள். அந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் இருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது உங்களை எந்தக் கேள்வி விடாமல் பிடித்துக்கொள்கிறதோ, அதுவே உங்கள் படிப்புக்கு நல்ல தொடக்கம்.

இரண்டாம் படி: ஒரு பிரச்சினை, ஒரு திறன்

ஐ.நா. மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம் நடத்தும் ரிலீஃப்வெப் தளத்தில் வேலை அறிவிப்புகளை ஒரு மணி நேரம் வாசியுங்கள். ஊட்டச்சத்து அலுவலர், நீர் வழங்கல் பொறியாளர், கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலர், நிதி மேலாளர், தரவுப் பகுப்பாய்வாளர் என்றுதான் அழைப்புகள் இருக்கும். வளர்ச்சியைப் பற்றிப் பொதுவாக அறிந்தவர் தேவை என்ற அழைப்பு அரிது. உங்களுக்குப் பிடித்த ஐந்து அறிவிப்புகளைச் சேமித்து, அவற்றில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் தகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் பட்டம் முடிந்த பிறகு இந்தப் பட்டியலைப் பார்ப்பவருக்கு அதை நிரப்பப் போதிய காலம் இருப்பதில்லை.

மூன்றாம் படி: பட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

இளங்கலையிலேயே வளர்ச்சி ஆய்வுகளைப் படிக்கலாம். ஆயினும் பொருளியல், புள்ளியியல், பொதுச் சுகாதாரம், வேளாண் அறிவியல், கட்டடப் பொறியியல், சட்டம் போன்ற ஒன்றில் இளங்கலை முடித்து, ஓரிரு ஆண்டுகள் பணிபுரிந்தபின் வளர்ச்சித் துறையில் முதுகலைக்குச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். களத்தில் ஒரு திட்டம் தடுமாறுவதைப் பார்த்தவருக்கு வகுப்பறையில் கேட்கும் கோட்பாடு உடனே பொருள்படும்.

1952இல் தொடங்கப்பட்ட ஹேக் நகரின் பன்னாட்டுச் சமூக ஆய்வு நிறுவனமும், 1966இல் சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கப்பட்ட வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் இத்துறையின் பழைய மையங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் லண்டன் பொருளியல் பள்ளியும் இதற்கெனத் தனித் துறைகளை நடத்துகின்றன. ஹார்வர்டு கென்னடி பள்ளி சர்வதேச வளர்ச்சியில் வழங்கும் இரண்டாண்டுப் பட்டம் கணிதத்திலும் பொருளியலிலும் வலுவான அடித்தளம் உள்ளவர்களுக்கானது. நிறுவனத்தின் புகழை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கட்டாயப் பாடங்களில் ஆய்வு முறைகள் உள்ளனவா, ஆய்வேட்டுக்குக் களப்பணி செய்ய வாய்ப்பு உண்டா, நீங்கள் தேர்ந்த பிரச்சினையில் இப்போது ஆய்வு செய்யும் ஆசிரியர் யாராவது அங்கு இருக்கிறாரா ஆகிய மூன்றையும் பாடத்திட்டத்திலேயே சரிபார்க்கலாம்.

நான்காம் படி: உதவித்தொகை

இங்கேதான் பணி அனுபவத்தின் அருமை தெரியும். பிரிட்டன் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவத்துக்கு இணையான நேரம் தேவை. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஜப்பான் அரசும் உலக வங்கியும் இணைந்து வழங்கும் முதுகலை உதவித்தொகை, வளர்ச்சி சார்ந்த பணியில் மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் பட்டங்களுக்கான தகுதிகள் பட்டத்துக்குப் பட்டம் மாறும். விதிகள் திருத்தப்படுவதுண்டு என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே நம்புங்கள்.

ஐந்தாம் படி: படிக்கும் காலத்தில் வளர்க்க வேண்டிய திறன்கள்

இந்தப் படிக்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலாவது, எண்களை வாசிக்கும் திறன். உலக வங்கி கடும் வறுமைக் கோட்டை 2025 ஜூனில் நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. வாங்கும் திறனை ஒப்பிடும் புதிய விலைத் தரவுகளும் நாடுகளின் புதிய வறுமைக் கோடுகளும் அதற்குக் காரணம். கோடு மாறிய அன்று யாருடைய வாழ்க்கையும் மாறவில்லை. ஆனால் ஏழைகளின் எண்ணிக்கை கணக்கில் உயர்ந்தது. ஓர் எண்ணைக் கண்டதும் அது எப்படி அளக்கப்பட்டது, எந்த ஆண்டின் விலையில், யாரைக் கேட்டு எடுக்கப்பட்டது என்று வினவும் பழக்கம் உங்களிடம் வேரூன்ற வேண்டும்.

இரண்டாவது, சான்றுகளை எடைபோடும் திறன். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரொக்ரேசா திட்டம், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதையும் மருத்துவப் பரிசோதனைகளையும் நிபந்தனையாக வைத்துத் தாய்மார்களுக்குப் பணம் வழங்கியது. எந்தக் கிராமங்கள் முதலில் சேரும் என்பது குலுக்கல் முறையில் முடிவானதால், சேர்ந்த கிராமங்களையும் காத்திருந்த கிராமங்களையும் ஒப்பிட்டு விளைவை நம்பகமாக அளக்க முடிந்தது. வறுமையை ஒழிக்கும் வழியென்று பெரிதும் போற்றப்பட்ட சிறுகடனைப் பற்றி, ஆறு நாடுகளில் இதே முறையில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளியாயின. கடன் கிடைத்தவர்களுக்குச் சிறு நன்மைகள் இருந்தன, ஆனால் வாழ்க்கை தலைகீழாக மாறிவிடவில்லை என்பதே அவற்றின் பொதுவான முடிவு. இவ்வகைச் சோதனைகளை வளர்த்தெடுத்தமைக்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீமர் ஆகியோர் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இம்முறை எல்லாக் கேள்விகளுக்கும் விடை தருவதில்லை. ஒரு சாலை அல்லது ஒரு வரிச் சட்டம் நாடு முழுவதையும் எப்படி மாற்றுகிறது என்பதைக் குலுக்கலால் அறிவது கடினம். வலிமையையும் எல்லையையும் சேர்த்தே படியுங்கள்.

மூன்றாவது, அன்றாட வேலைக்கான கருவிகள். எக்செல்லை நன்கு கையாளக் கற்றபின் புள்ளியியல் மென்பொருள்களான ஆர் அல்லது ஸ்டேட்டா, நிலவரைபடங்களுக்குக் கியூஜிஐஎஸ், கணக்கெடுப்புக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகப் பழகுங்கள். ஸ்டேட்டா தவிர ஆர், கியூஜிஐஎஸ் இரண்டும் இலவசம். உலக வளர்ச்சிக் குறிகாட்டிகள் என்ற உலக வங்கியின் தரவுத் தொகுப்பை இலவசமாகப் பதிவிறக்கி, உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் ஒரே ஒரு விளக்கப்படத்தை உருவாக்குங்கள். அதன் கீழே இரண்டு பக்க விளக்கம் எழுதுங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க இதைவிடச் சிறந்த எழுத்து மாதிரி கிடைப்பது அரிது.

இவற்றோடு ஒரு திட்டத்தின் நோக்கம், செயல்பாடு, விளைவு, அதை அளக்கும் குறிகாட்டி ஆகியவற்றை ஒரே அட்டவணையில் அடக்கும் தர்க்கச் சட்டகத்தையும், வரவு செலவுத் திட்டத்தையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோட்பாட்டில் தேர்ந்த மாணவர்கள் பலர் இந்த இரண்டையும் அலுவலக வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் முதல் வேலையில் அவர்கள் மேசைக்கு வருபவை பெரும்பாலும் இவையே. மொழியைப் பொறுத்தவரை, ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஆங்கிலம் தவிர்த்த ஒன்றை, குறிப்பாக மேற்கு ஆப்பிரிக்காவில் பணிபுரிய எண்ணுவோர் பிரெஞ்சு மொழியை, படிக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

ஆறாம் படி: கள அனுபவம்

அனுபவம் என்றதும் தொலைதூர நாடு ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நீங்கள் வாழும் பகுதியில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாதம் கணக்கெடுப்பிலும் அறிக்கை எழுதுவதிலும் உதவுவது, மொழியும் சூழலும் தெரியாத இடத்தில் கழிக்கும் இரண்டு வாரங்களைவிடப் பல மடங்கு கற்றுத்தரும். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு இணையவழிப் பணிகளையும் வழங்குகிறது. ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புகளுக்கு ஊதியம் இல்லை என்பதால், அதை ஏற்கப் பொருளாதார வசதி இல்லாதவர்கள் தங்களுக்குக் கதவு அடைபட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு ஆதரவற்ற குழந்தைகள் இல்லங்களுக்குச் சுற்றுலாப் போல அழைத்துச் செல்லும் தன்னார்வப் பயணங்களைத் தவிர்த்துவிடுங்கள். வந்து வந்து பிரியும் முகங்கள் அந்தக் குழந்தைகளைக் காயப்படுத்துகின்றன.

ஒருவரிடம் அவர் வீட்டில் எத்தனை வேளை உணவு சமைக்கப்பட்டது என்று கேட்பது சாதாரண வினா அன்று. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளக்கி, பதில் சொல்ல மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்லி, ஒப்புதல் பெற்ற பின்பே தொடங்குங்கள். கிடைத்த முடிவுகளை அவருக்குப் புரியும் வடிவில் திருப்பிச் சொல்லும் நாளையும் வேலைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: வேலை தேடுதல்

உலக வங்கியின் இளம் வல்லுநர் திட்டத்துக்கும், ஐ.நா. செயலகத்தின் இளம் வல்லுநர் தேர்வுக்கும் வயது வரம்பு 32. ஐ.நா.வின் இளநிலை வல்லுநர் பணிகளுக்கு நன்கொடை நாடுகள் நிதி தருவதால், பெரும்பாலான இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கே செல்கின்றன. பலர் கவனிக்காமல் விடும் வழி ஒன்று உண்டு: ஐ.நா. அமைப்புகள் தாம் இயங்கும் நாட்டின் குடிமக்களுக்கென்றே தேசிய அலுவலர் பணியிடங்களை வைத்துள்ளன. சொந்த நாட்டின் மொழியும் நிர்வாகமும் அறிந்தவருக்கு அங்கே இயல்பான முன்னுரிமை உண்டு.

துறையின் இன்றைய நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 முதல் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. பிரிட்டன் பிற நாடுகளுக்கான தன் உதவி நிதியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இதனால் நீண்ட அனுபவமுள்ள பலர் இப்போது வேலை தேடுகிறார்கள். அரசுத் துறைகள், ஆய்வு நிறுவனங்கள், அறக்கட்டளைகள், பொதுச் சுகாதார அமைப்புகள் ஆகியவற்றுக்கும் பொருந்தும் திறனை வைத்திருப்பவர் இத்தகைய காலத்தைக் கடந்துவிடுவார். இரண்டாம் படியை நான் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பத்தில் அறிவிப்பு கேட்கும் ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு செயலையும் அதன் விளைவையும் எழுதுங்கள். எந்தக் கட்டத்திலும் ஐ.நா. அமைப்புகள் விண்ணப்பதாரரிடம் கட்டணம் கேட்பதில்லை. பணம் கேட்டு வரும் கடிதம் மோசடியே. பணி ஆணை கைக்கு வந்ததும் கையெழுத்திடும் முன், திட்டத்துக்கு நிதி தருவது யார், அந்த நிதி எந்த மாதம் முடிகிறது, மருத்துவக் காப்பீடும் ஆபத்துக் காலத்தில் வெளியேற்றும் ஏற்பாடும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் சமமாக உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.