மீசை வைத்த ஈ

தேனீ மாதிரி ஒரு பூச்சி பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறதா? போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், பறக்கும்போது ஒன்றும் பிடிபடாது. இறக்கை ஒரே ஜோடி, உணர்கொம்பு குட்டை என்றால் அது மிதவை ஈ. தேனீக்கும் குளவிக்கும் இரண்டு ஜோடி இறக்கை. மிதவை ஈ கொட்டாது.

அப்புறம் வயிற்றைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் தடித்த கறுப்புப் பட்டை, பக்கத்திலேயே மெல்லிய இன்னொரு பட்டை, மீசை வரைந்த மாதிரி. இந்த இரட்டைக் கோடு இருந்தால் பெரும்பாலும் எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற மிதவை ஈ இனம்தான். நீளம் சுமார் 1 செ.மீ. இரண்டு கண்களும் தலை உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஆண்.

ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியாவின் பெரும்பகுதியில் உண்டு. நம் நாட்டில் வடக்கே கடுகு பூக்கும் வயலில் தேடலாம். அங்கே இதன் புழு, பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்றுகொண்டிருக்கும். அவசரப்பட்டு மருந்தடித்துவிடாதீர்கள்.